வீணையே வழிபாடாய் வாழ்ந்த தனம்மாள்

கலைகளுக்கெல்லாம் தாயாகிய கலைமகளின் திருக்கரத்தில் விளங்குவது வீணை. அவ்வீணையையே தம் வாழ்வாகக் கொண்டு, சந்தை இரைச்சல் சூழ்ந்த ஒரு தெருவை இசையன்பர்களின் யாத்திரைத் தலமாக ஆக்கிய பெருமாட்டி வீணை தனம்மாள். திருவிழாக் காலத்தில் அவரது வாழ்வை நினைவுகூர்வது நமக்கு நன்மை பயக்கும்.

அவர் வாழ்ந்த பகுதி சென்னை ஜார்ஜ் டவுன். துறைமுகத்தை அடுத்து அமைந்த நகர்ப்பகுதி அது. நம் முன்னோர் பலர் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி, பினாங்கிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்திறங்கப் புறப்பட்டது அத்துறைமுகத்திலிருந்துதான். கந்தகோட்டத்து முருகப்பெருமானும் அன்னை காளிகாம்பாளும் எழுந்தருளியுள்ள புண்ணிய பூமி அது. வள்ளல் பெருமான் இளமையில் வாழ்ந்து கந்தவேளைப் பாடிப் பரவியதும் அங்கேயே. அதே பகுதியில்தான் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தையும் வணிகர்தம் கிடங்குகளும் இரவு பகலாய் இயங்கின.

பிறப்பும் பயிற்சியும்

1867-ஆம் ஆண்டு, இசையையும் நடனத்தையும் வழிவழியாகப் பேணிய குடும்பத்தில் தனம்மாள் தோன்றினார். பாட்டியார் காமாட்சியம்மாள் தஞ்சை அரசவையில் ஆடிய நாட்டியக் கலைஞர். அன்னையார் சுந்தரம்மாள் இசைவாணி. 1855-இல் தஞ்சை அரசு முடிவுற்றபின், கலைக் குடும்பங்கள் பல சென்னை வணிகப் பெருமக்களின் ஆதரவை நாடி வந்து குடியேறின.

முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடமும், க்ஷேத்ரக்ஞரின் பதங்களைக் கண்பார்வையற்ற வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாஸரிடமும் அவர் கற்றுத் தேர்ந்தார். கேட்டதை நெஞ்சில் பதித்து, ஒரு சுரமும் பிசகாமல் காப்பதே அக்காலக் கல்வி முறை.

வெள்ளிக்கிழமை மாலைகள்

இராமகிருஷ்ண செட்டித் தெருவிலிருந்த அவரது இல்லத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் வீணையொலி எழும். மேடையில்லை, ஒலிபெருக்கியில்லை. நாடறிந்த வித்துவான்களும் இசைச் சுவைஞர்களும் தரையில் அமர்ந்து கேட்பர். விரலில் கம்பி வளையம் அணியாமல் வெறும் விரல்களாலேயே மீட்டி, உடன் மெல்லிய குரலில் பாடுவார். வேகமும் ஆரவாரமும் அவர் அறியாதவை. ஒரு பதத்தை நிதானமாக இசைத்து, இராகத்தின் முழு உருவத்தையும் கேட்போர் உள்ளத்தில் எழுப்புவார். சிறு ஓசையும் அவருக்கு இடையூறு; ஆதலால் வந்தவர் அனைவரும் மௌனம் காத்தனர். வெளியே சந்தை இரைந்தது. உள்ளே ஒரு கருவறையின் அமைதி நிலவியது.

பெயரில் தனம் இருந்தும் அவரிடம் செல்வம் நிலைக்கவில்லை. முதுமையில் கண்ணொளியும் மங்கியது. எனினும் கூட்டத்தின் விருப்பத்துக்காகத் தம் இசையை மாற்றிக்கொள்ள அவர் ஒருப்படவில்லை. 1930-களில் வெளிவந்த சில இசைத்தட்டுகளில் அந்நாதம் இன்றும் ஒலிக்கின்றது. 1938-ஆம் ஆண்டு அவர் இறையடி சேர்ந்தார்.

வாழையடி வாழை

அவர் தோன்றிய மரபினரைச் சமுதாயம் ஏளனமாக நோக்கத் தொடங்கிய காலம் அது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947-இல் சட்டத்தால் தடை செய்தது. பெண்களின் நலன் கருதிய சீர்திருத்தம் அது. ஆனால் வழக்கத்தின்மீது எழுந்த பழி, கலையைக் காத்த பெண்கள்மீதும் படிந்துவிட்டது. நெடுங்காலம் ஆலயங்களில் ஆடியும் பாடியும் இறைவனுக்குத் தொண்டாற்றியவர்கள், அவ்வாலயங்களின் வாயிலிலேயே அந்நியராயினர்.

அவ்விழிவுக்குத் தனம்மாளின் குடும்பம் கலையாலேயே விடையளித்தது. பேர்த்தி பாலசரஸ்வதி பரதத்தை உலக அரங்குகளுக்கு எடுத்துச் சென்றார். பேர்த்தியர் பிருந்தாவும் முக்தாவும் பதங்களைப் பழுதறப் பாடிக் காத்தனர். பேரர்களான இரங்கநாதன் மிருதங்கத்தையும் விசுவநாதன் புல்லாங்குழலையும் அமெரிக்க மாணவர்க்குப் பயிற்றுவித்தனர். சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது, பாலசரஸ்வதிக்கு 1973-இலும், பிருந்தாவுக்கு 1976-இலும், விசுவநாதனுக்கு 1988-இலும் கிட்டியது. ஒரு தெருவின் ஒரு வீட்டிலிருந்து கிளைத்த பெருமை இது.

நாம் பெறும் பாடம்

கலை வளரப் பாடுவோர் மட்டும் போதாது. செவி கொடுத்துக் கேட்போரும் வேண்டும். நம் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பிள்ளைகள் வீணையும் பரதமும் ஆர்வத்துடன் பயில்கின்றனர். ஆயினும் அவர்கள் ஆலய மேடையேறும்போது நாம் உரையாடலில் மூழ்கிவிடுகிறோம். நாதசுவரம் ஒலிக்கையில் ஒலிபெருக்கி அறிவிப்பு அதனை விழுங்கிவிடுகின்றது. இறைவன் திருமுன் இசைக்கப்படும் இசையும் ஒரு பூசையே. தீபாராதனையின்போது காட்டும் பணிவை, அவ்விசைக்கும் நாம் காட்டவேண்டாமா?

இவ்வாண்டுத் திருவிழாவில் நம் இளங்கலைஞர் பாடுங்கால், சிறிது நேரம் அமைதியாய் அமர்ந்து கேட்போம். தனம்மாளுக்கும், பெயர் தெரியாமலே கலை காத்த எண்ணற்ற பெண்மணிகளுக்கும் நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே. எல்லாம் வல்ல இறைவன் அனைவர்க்கும் நலம் அருள்வானாக.