மன்னனுக்குக் குழி தந்த மடம்



யூபிலி ஆண்டில் கோவில், கெபி, பள்ளிக்கூடம் என நாம் எழுப்பிய கட்டடங்களை எண்ணி இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். அது நியாயமே. ஆனால் கட்டடம் அழிந்த பின்னும் அழியாத ஒன்று உண்டு. அதை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் வரலாறு காட்டுகிறது.

1452 அக்டோபர் 2ஆம் நாள் பிறந்த ரிச்சர்டு, தம் தமையனாகிய நான்காம் எட்வர்டு மன்னருக்கு உற்ற துணையாயிருந்தவர். 1483இல் தமையன் இறந்தார். பட்டத்துக்கு வரவேண்டிய 12 வயது மகனுக்குப் பாதுகாவலராயிருந்த ரிச்சர்டு, தாமே முடிசூடிக்கொண்டார். லண்டன் கோட்டையில் வைக்கப்பட்ட அச்சிறுவனையும் அவன் தம்பியையும் அவ்வாண்டுக்குப் பின் கண்டவர் இல்லை. அந்தப் பழி இன்றளவும் ரிச்சர்டின் பெயரை விட்டு நீங்கவில்லை. 1484இல் அவருடைய மகன் இறந்தான். 1485 மார்ச்சில் மனைவியும் மறைந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் பாஸ்வொர்த் போர்க்களத்தில் மன்னரும் வெட்டுண்டு வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 32.

வென்றவர்கள் அவர் உடலை ஆடையின்றிக் குதிரைமேல் போட்டு லெஸ்டர் நகருக்குக் கொண்டுவந்து, ஊரார் பார்க்க வைத்தார்கள். அந்த உடலுக்கு இடம் கொடுத்தது அந்நகரின் பிரான்சிஸ்கன் மடம். சாம்பல் நிற அங்கி அணிந்த அந்த ஏழைத் துறவிகளுக்கு அரச கோபம் புதியதல்ல. அம்மடத்தார் சிலர் 1402இல் அரசியல் குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்றிருந்தார்கள். ஆயினும் தோற்றவர் என்றும் பழிக்கு உள்ளானவர் என்றும் பாராமல், தாங்கள் கூடிச் செபம் பாடும் இடத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் மூடப்பட்டது, கோவில் இடிக்கப்பட்டது. மன்னரின் எலும்புகளை ஆற்றில் எறிந்துவிட்டார்கள் என்று ஒரு கதையும் பரவியது. ஆனால் 2012 ஆகஸ்ட் 25ஆம் நாள், வாகனம் நிறுத்தும் இடமொன்றை லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, முதல் நாளிலேயே எலும்புகள் தென்பட்டன. முதுகெலும்பு வளைந்திருந்தது, மண்டையோட்டில் வெட்டுக் காயங்கள் இருந்தன. அவருடைய சகோதரியின் பெண்வழி மரபில் வந்தவர்களின் மரபணுவும் ஒத்திருந்தது. 2015 மார்ச் 23ஆம் நாள் கர்தினால் வின்சென்ட் நிக்கோல்ஸ் அவருக்காக இரங்கல் திருப்பலி நிறைவேற்றினார். 26ஆம் நாள் அங்குள்ள ஆங்கிலிக்கன் பேராலயத்தில் அவர் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டார்.

துறவிகள் வெட்டிய குழி அவசரக் குழி; உடலின் நீளத்துக்குக்கூடப் போதவில்லை. பெட்டி வைத்ததற்கும் அடையாளமில்லை. எனினும் கோவில் மறைந்தது, அந்தச் சிறு குழி 527 ஆண்டுகள் நிலைத்தது.

மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தோம். கேட்பாரற்ற ஒருவர் நம் பங்கில் இறந்தால், ஊரார் பழித்த ஒருவர் இறந்தால், கல்லறை வரை எத்தனை பேர் நடக்கிறோம்? யூபிலிக் கணக்கில் இதையும் சேர்த்து எண்ணுவோம்.

இறைவன் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக!