சட்டமன்றத்தில் ஒலித்த மருத்துவரின் குரல்

மருந்தால் தீரும் பிணிகள் உண்டு. சட்டத்தால் மட்டுமே தீரும் பிணிகளும் உண்டு. இவ்விரண்டையும் தீர்க்கத் தம் வாழ்நாளை ஈந்தவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்கள் கல்லூரி வாயிலை மிதிக்கத் தயங்கிய காலம் அது. முத்துலட்சுமியைப் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் புறந்தள்ளி இசைவளித்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் மருத்துவரானார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம் பொதுப்பணிக்குத் தடையில்லை என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அவர் திருமணத்திற்கு இசைந்தார்.

1926ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு அவர் நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே. மறு ஆண்டில் அவையின் துணைத்தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கோயிலுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பதே அவர்தம் முதன்மை நோக்கமாயிற்று. அதற்கு அறிவுரை மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். கோயிற் பணிக்கு ஈடாக அம்மகளிர்க்கு மானிய நிலங்கள் வழங்கப்பட்டிருந்தன. பணியை விட்டால் நிலமும் பறிபோகும். எனவே, நிலத்தைக் காக்க அடுத்த தலைமுறைச் சிறுமிக்கும் பொட்டுக்கட்ட வேண்டிய நிலை இருந்தது. இத்தளையை அறுக்கும் சட்டத்திருத்தம் அவர்தம் முயற்சியால் 1929இல் நிறைவேறியது. அதன்படி கோயிற் பணியினின்று விடுபட்ட மகளிர்க்கு நிலம் உரிமையாயிற்று.

மரபைக் காக்க வேண்டும் என்று வாதிட்டோர் மட்டும் அவரை எதிர்க்கவில்லை. தம் கலையும் வாழ்வும் அழியும் என அஞ்சித் தேவதாசி மகளிருள் ஒரு சாராரும் அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர். யாருக்காகப் போராடினாரோ அவர்களுள் சிலரே எதிர்த்து நின்றது அவருக்கு நேர்ந்த கடுஞ்சோதனை. ஆயினும், சிறுமியரின் எதிர்காலமே பெரிதெனக் கருதிய அவர், பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் சட்ட முன்வரைவை 1930இல் அவைமுன் வைத்தார்.

அவ்வாண்டே உப்பு அறப்போரையொட்டிக் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதனைக் கண்டித்து முத்துலட்சுமி தம் பதவியைத் துறந்தார். முன்வரைவு நிறைவேறாதிருந்த வேளையில் எடுத்த முடிவு அது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர், 1947இல்தான் அச்சட்டம் நிறைவேறியது.

பதவி நீங்கினாலும் பணி நீங்கவில்லை. தேவதாசிக் குடும்பத்துச் சிறுமியர் சிலர் விடுதிகளில் இடமின்றி அவர்தம் இல்லத்தை நாடி வந்தனர். அவர்களுக்கு அடைக்கலம் தந்ததிலிருந்து ஔவை இல்லம் உருவாயிற்று. சட்டம் விடுவித்தால் போதாது, விடுபட்டவர்க்குக் கல்வியும் உறைவிடமும் வேண்டும் என்பதை அவ்வில்லம் உணர்த்தியது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சில் ஆறாதிருந்தது. அத்துயரே அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்தாயிற்று. 1952இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அம்மருத்துவமனை 1954இல் செயற்படத் தொடங்கியது. 1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூசண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் சட்டமன்றத்தில் அமர்ந்திருந்த காலம் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே. எனினும், அப்பதவியை ஏழைப் பெண்ணின் விடுதலைக்குரிய கருவியாக்கினார். இன்று தமிழகத்தில் ஏழைத் தாய்மார்க்கான மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.