அழிந்த நரம்பு முளைக்குமா?

2009 இல் அண்ணாவின் தலையில் ஷெல் துண்டு பட்டது. உயிர் தப்பினார். வலக்கையும் பேச்சும் திரும்பவில்லை. மூளையில் அழிந்த கலம் மீண்டும் வராது என்று வைத்தியர் சொன்னார். அப்படி முடிவு செய்தது யார் என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியோடு தேடப்போய்த்தான் சாந்தியாகோ ரமோன் இ கஹாலை அறிந்தேன்.

1852 இல் ஸ்பெயினில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். தகப்பன் வைத்தியர், மகனுக்கோ படம் கீறுவதில்தான் பைத்தியம். பதினொரு வயதில், தானே செய்த பீரங்கியால் அயலவரின் படலையை உடைத்து மறியலுக்குப் போனார். (இப்படிப்பட்ட பெடியளை எங்களுக்கும் தெரியும்.) சவரக்கடையிலும் சப்பாத்துத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டும் அவர் திருந்தவில்லை. கடைசியில் தகப்பன் இடுகாட்டு எலும்புகளைக் காட்டி உடற்கூற்றியல் படிப்பித்தார். அது பிடித்துக்கொண்டது. கீறலாம் அல்லவா!

படை வைத்தியராகக் கியூபா யுத்தத்துக்குப் போய் மலேரியாவோடு திரும்பினார். 1887 இல், இத்தாலியரான கொல்ஜி கண்டுபிடித்த சாயமேற்றும் முறையைப் பார்த்தார். அதைத் திருத்தி, அடுத்த ஆண்டே பார்சலோனாவில், பறவை மூளையின் நரம்புக்கலங்கள் ஒட்டிய வலையல்ல, தனித்தனியானவை என்று காட்டினார். கொல்ஜி கடைசிவரை ஏற்கவில்லை. 1906 இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். கொல்ஜி தன் பரிசு உரையிலேயே கஹாலின் கொள்கையைத் தாக்கினார்.

அண்ணாவுக்குச் சொல்லப்பட்ட தீர்ப்பு, கஹால் 1913-14 இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. வளர்ந்த மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை. எதுவும் சாகலாம், எதுவும் திரும்ப முளைக்காது என்று எழுதினார். ஆனால் அந்தத் தீர்ப்பை மாற்றுவது வருங்கால விஞ்ஞானத்தின் வேலை என்றும் கூடவே எழுதினார். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சும்மா எழுதவில்லை. வெட்டுண்ட நார்கள் முதலில் முளைத்துப் பிறகு வாடுவதை அவரே நுணுக்குக்காட்டியில் கண்டிருந்தார். அவருடைய மாணவர் தெயோ, 1911 இல், முயல்களின் மூளைக்குள் கால் நரம்புத் துண்டைப் பதித்தார். மூளையின் நார்கள் அதற்குள் வளர்ந்தன. அப்படியென்றால் குறை நாரில் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள இடத்திலும் இருக்கிறது.

கஹால் 1934 இல் இறந்தார். 1979 இல் அமெரிக்காவிலும் சுவீடனிலும், மூளையில் ஒரு பக்கம் டோபமைன் பாதை அழிக்கப்பட்ட எலிகளுக்கு, கருவிலுள்ள எலியின் நரம்புக்கலங்களைப் பதித்தார்கள். மருந்து கொடுத்தால் ஒரே பக்கமாகச் சுழன்ற எலிகளின் சுழற்சி குறைந்தது. ஆனால் அங்கே குறைந்தது ஒரு வகைக் கலம்தான். ஷெல் துண்டு அப்படித் தெரிந்தெடுத்து அழிப்பதில்லை.

போன மாதம் கனடாவிலிருந்து மச்சாள் ஒரு கலச் சிகிச்சை விளம்பரத்தை அனுப்பி, காசு சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தா. அம்மாவுக்கு முயல் கதையையும் எலிக் கதையையும் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இப்ப காசு அனுப்ப வேண்டாம் என்று மச்சாளுக்குச் சொல்லச் சொன்னார்; அண்ணாவின் கைப் பயிற்சிக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.