யூத மேதை மைமோனிடஸ்

யூத மக்களைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆபிரகாமும் மோசேயும் தாவீதும் நமக்கு நன்கு பழக்கமானவர்களே. ஆனால் கிறிஸ்து பிறந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த ஒரு யூதரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நாம் விழிப்போம்!

அப்படிப்பட்ட ஒருவர்தாம் மோசே மைமோனிடஸ். 1138-ல் ஸ்பெயின் நாட்டின் கொர்தோபா நகரில் பிறந்தார். 1148-ல் அந்நகரைப் பிடித்த அல்மோகத் அரசினர், யூதரும் கிறிஸ்தவரும் மதம் மாறவேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்றனர். அப்போது அவருக்கு நம் ஐந்தாம் வகுப்புத் தங்கைகளின் வயதுதான். அக்குடும்பம் ஊர் ஊராய் அலைந்து, மொரோக்கோவில் சில காலம் தங்கி, 1165-ல் புண்ணிய பூமிக்கு வந்து, பின்னர் எகிப்தில் குடியேறியது.

வேத அறிவை விற்றுப் பிழைப்பது தவறு என்பது மைமோனிடஸின் உறுதியான கொள்கை. ஆகவே அவர் படிக்க, தம்பி தாவீது இரத்தின வியாபாரம் செய்து குடும்பத்தைக் காத்தார். அந்தத் தம்பி ஒருமுறை நம் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கப்பல் கடலில் மூழ்கியது. தாவீதோடு குடும்பத்தின் பணமும் போயிற்று. தம்பியின் மனைவியும் சிறு மகளும் இவர் பொறுப்பில் நின்றனர். துயரத்தால் நோயுற்று ஏறத்தாழ ஓராண்டு படுக்கையில் கிடந்தார். எட்டு ஆண்டுகள் சென்ற பின்னும் தம்பியின் கையெழுத்தைக் கண்டால் நெஞ்சம் கலங்குவதாக நண்பருக்கு எழுதினார். இவ்வளவு பெரிய ஞானிக்கும் அப்படியா என்று நாங்கள் வியந்தோம்.

எழுந்த பின் மருத்துவத்தைப் பிழைப்பாக்கினார். சலாதீன் சுல்தானின் அமைச்சருக்கே வைத்தியரானார். காலையில் அரண்மனை; நண்பகலுக்குப் பின் பசியோடு வீடு திரும்பினால் யூதரும் பிற மதத்தாரும், நண்பரும் பகைவரும் காத்திருப்பர். கை கழுவி, நாள் முழுவதற்குமான ஒரே உணவை அவசரமாக உண்டுவிட்டு, இரவுவரை அவர்களைப் பார்ப்பார். களைப்பு மிஞ்சினால் படுத்தபடியே மருந்து சொல்வார்.

இத்தனைக்கும் நடுவே யூதச் சட்டங்கள் அனைத்தையும் பதினான்கு நூல்களாகத் தொகுத்தார். தர்மத்தில் எட்டுப் படிகள் உண்டு என்றார். கடனோ வேலையோ தந்து, ஒருவன் பிறரிடம் கையேந்தாதபடி செய்வதே மேலான படியாம். அவருடைய தத்துவ நூலோ அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதப்பட்டது! அது லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, நமது புனித தோமஸ் அக்குவினாஸ் கைக்கும் சென்றது. அவர் தம் நூல்களில் இவரை ரபி மோசே என்று குறிப்பிடுகிறார்.

1204-ல் மைமோனிடஸ் மறைந்தார். கல்லறை கலிலேயாவின் திபேரியாவில் உள்ளது.

யூதரிடம் ஒரு வழக்கம் உண்டு. இறைவனின் பெயர் எழுதிய தாளை எறியமாட்டார்கள். அவ்வாறு கெய்ரோவின் பழைய செபக்கூட அறை ஒன்றில் பல நூற்றாண்டுத் தாள்கள் குவிந்து கிடந்தன. 1896-ல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரிகள் வாங்கி வந்த சில தாள்களே அறிஞர் ஷெக்டரை அங்கே செல்லத் தூண்டின. பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் தராத காலம் அது! அக்குவியலில் தாவீது தம் அண்ணனுக்குக் கப்பலேறுமுன் எழுதிய கடிதமும் இருந்தது. பாலைவனத்தில் காத்த இறைவன் கடலிலும் காப்பார், வீட்டிலுள்ளோரைத் தேற்றுங்கள் என்ற கருத்தில் எழுதியிருந்தார். இன்று அக்கடிதம் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் இருக்கிறது.