பைலோ பார்ன்ஸ்வர்த்

பைலோ டெய்லர் பார்ன்ஸ்வர்த் (ஆகஸ்ட் 19, 1906 – மார்ச் 11, 1971) அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆவார். சுழலும் பாகங்கள் ஏதுமின்றி, முழுவதும் மின்னணு முறையில் இயங்கும் தொலைக்காட்சியை முதன்முதலில் இயக்கிக் காட்டியவர் இவரே. தொலைக்காட்சிப் பொறியியலுக்காக வழங்கப்படும் எம்மி விருதுகளுள் ஒன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இளமை

யூட்டா மாநிலத்தில் பீவர் என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். பின்னர் இவரது குடும்பம் ஐடகோ மாநிலத்தின் ரிக்பி நகருக்கு அருகே உள்ள பண்ணையில் குடியேறியது. உருளைக்கிழங்கு வயலின் உழவுச் சால்களைக் கண்டபோது, படத்தையும் அவ்வாறே வரிவரியாகப் பிரித்து அனுப்பலாம் என்ற எண்ணம் இவருக்குத் தோன்றியதாகக் கூறப்படுகிறது. 1922-ஆம் ஆண்டில் தம் ஆசிரியர் ஜஸ்டின் டோல்மனிடம் இதனை வரைந்து விளக்கினார்.

இமேஜ் டிசெக்டர்

அக்காலத்தில் பிறர் துளையிட்ட சுழல்தட்டுகளைக் கொண்டு படங்களை அனுப்ப முயன்று வந்தனர். பார்ன்ஸ்வர்த் அமைத்த வெற்றிடக் குழலில், ஒளியுணர் தகட்டின் மீது விழும் படம் எதிர்மின்னிகளை வெளிவிடும். காந்தப்புலம் அவற்றை ஒரு சிறு துளையின் முன்னே வரிசையாக நகர்த்தும். துளைக்குள் நுழைபவை மட்டும் மின்னோட்டமாக மாறும். 1927 செப்டம்பர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இம்முறையில் ஒரு கோடு அனுப்பப்பட்டது. துளைக்குள் நுழையாத எதிர்மின்னிகள் வீணானதால் இக்கருவிக்கு மிகுந்த ஒளி தேவைப்பட்டது. 1929-இல் அனுப்பப்பட்ட இவரது மனைவி பெம்மின் உருவத்தில் அவர் கண்களை மூடியிருந்ததற்கு இக்கூசொளியே காரணமாக இருக்கலாம்.

காப்புரிமைப் பிணக்கு

1930-இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வாண்டே விளாடிமிர் சுவொரிகின் இவரது ஆய்வகத்தைப் பார்வையிட்டார். அவர் விரைவில் ஆர்சிஏ நிறுவனத்தில் பணியாற்றத் தொடங்கினார். காப்புரிமையை 1,00,000 டாலருக்கு வாங்க ஆர்சிஏ முன்வந்தபோது பார்ன்ஸ்வர்த் மறுத்துவிட்டார். சுவொரிகின் 1923-இல் அளித்த விண்ணப்பமே முந்தையது என ஆர்சிஏ வாதிட்டது. டோல்மன் தம் மாணவருக்காகச் சாட்சியம் அளித்தார். 1934-இல் காப்புரிமை அலுவலகம் பார்ன்ஸ்வர்த்துக்குச் சார்பாகத் தீர்த்தது. 1939-இல் ஆர்சிஏ சுமார் 10 லட்சம் டாலர் உரிமத்தொகை தர இணங்கியது. பிறரிடம் உரிமத்தொகை பெற்றே பழகிய நிறுவனம் அது.

வெற்றி பெரும்பயன் தரவில்லை. இரண்டாம் உலகப்போர் தொலைக்காட்சித் தொழிலை முடக்கியது; போர் முடிந்து விற்பனை பெருகத் தொடங்கிய வேளையில், 1947-இல், முதன்மைக் காப்புரிமைகள் காலாவதியாயின. இவரது நிறுவனத்தை 1949-இல் ஐடிடி வாங்கியது. அங்கு அணுக்கருப் பிணைவு ஆய்வில் ஈடுபட்டார். சால்ட் லேக் சிட்டியில் நிமோனியாவால் காலமானார்.

விருது

பைலோ டி. பார்ன்ஸ்வர்த் விருது, தொலைக்காட்சிப் பொறியியலில் நெடுங்காலம் தாக்கம் ஏற்படுத்திய நிறுவனங்களுக்கு வழங்கப்படுகிறது, தனிமனிதர்களுக்கு அன்று. பெருநிறுவனம் ஒன்றுடன் போராடியவரின் பெயர் அதற்கு வாய்த்தது வியப்பே. தனிமனிதர்களுக்கான வாழ்நாள் சாதனை விருதோ, சுழல்தட்டு முறையின் முன்னோடியான சார்லஸ் பிரான்சிஸ் ஜென்கின்ஸ் பெயரில் உள்ளது. எம்மி என்னும் பெயரே இமேஜ் ஆர்த்திகான் என்ற படக்கருவிக் குழலுக்கு வழங்கிய இம்மி என்னும் செல்லப்பெயரின் திரிபாகும்.