அதியன் என்னும் குடிப்பெயர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிய நாளில் ஒரு கட்டம் என்னைத் தடுத்து நிறுத்தியது. அதில் குடும்பப் பெயரை எழுத வேண்டும். எங்கள் வீட்டில் எவருக்கும் அப்படி ஒரு பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றுதான் உண்டு. அப்பாவைக் கேட்டேன். அவர் ஆயாவின் தகரப் பெட்டியைத் திறந்தார். பெங்களூரில் கட்டட வேலை செய்தபோது தாத்தா அனுப்பிய மூன்று உள்நாட்டுக் கடிதங்களும் ஒரு நிலப் பத்திரமும் அதில் இருந்தன. கடிதங்களில் இருப்பது வேறு யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்து. பத்திரத்தில் இருப்பது தாத்தாவின் கைநாட்டு. அதில் அவருடைய தந்தையின் பெயரும் இருந்தது. அதற்கு மேல் எங்கள் குடும்பத்துக்கு ஏடு இல்லை.

ஆனால் இதே தருமபுரி மண்ணில், ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து காணக் கிடைக்கும் குடிப்பெயர் ஒன்று உண்டு. அதுவே அதியன் என்பது. அப்பெயரைத் தாங்கியோருள் தலைசிறந்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி.

வள்ளலின் வாழ்வு

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனைத் தலைநகராகக் கொண்டு, குதிரைமலையை உள்ளடக்கிய நாட்டை அஞ்சி ஆண்டான். கடையெழு வள்ளல்களுள் அவனும் ஒருவன். அவனுடைய முன்னோரே இந்நாட்டிற்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூறு கூறுகிறது. இன்றும் நம் மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களைக் கடக்கும்போது எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வரும்.

அவ்வையாருக்கும் அவனுக்கும் இருந்த நட்பை அறியாதார் இலர். ஏறுதற்கரிய மலைப்பிளவிலிருந்து கிடைத்த அரிய நெல்லிக்கனியை, அதன் பயனைச் சொல்லாமலே அவருக்கு உண்ணக் கொடுத்தான். தொண்டைமானோடு பகை மூண்டபோது அவ்வையாரையே தூதாக அனுப்பினான். தொண்டைமான் காட்டிய படைக்கலங்கள் நெய் பூசிப் பளபளத்தன. அஞ்சியின் படைக்கலங்களோ போரில் முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. புகழ்வது போலவே பேசி அந்த வேறுபாட்டை அவ்வையார் உணர்த்தினார்.

அஞ்சி மலையமான் நாட்டின் மீது படையெடுத்துத் திருக்கோவலூரை வென்றான். அவ்வெற்றியைப் பரணர் பாடினார். பின்னர்ச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டான். அப்போரில் தகடூர் வீழ்ந்தது, அஞ்சியும் மாண்டான். அவனுக்கு நடுகல் எழுந்தது. அவனை இழந்து அவ்வையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அவன் மகன் பொகுட்டெழினியையும் அவர் பாடியுள்ளார்.

கல் சொன்ன சான்று

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் அசோகர் பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டில், சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்றொரு குடியினரும் கூறப்படுகின்றனர். இவர்கள் யாவர்? துளுநாட்டார் என்றனர் சிலர். காஞ்சிப் பகுதியினர் என்றனர் சிலர். அதியமான்களே என்றனர் வேறு சிலர். நெடுங்காலம் இவ்வழக்கு தீரவில்லை.

1981-ஆம் ஆண்டில், திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் ஊரின் குன்றில், குகைத்தளம் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த ஒரே வரிக் கல்வெட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் கண்டறிந்தனர். அந்த உறைவிடத்தை அமைத்துக் கொடுத்தவன் அதியன் நெடுமான் அஞ்சி என்றும், அவன் சத்தியபுத்திரன் என்றும் அவ்வரி அறிவித்தது. அசோகர் கல்வெட்டில் வந்த பெயரும் புறநானூற்றில் வந்த பெயரும் ஒரே கல்லில் அருகருகே நின்றன. அக்கல் கிடைத்த இடமோ, அவன் வென்றதாகப் புலவர் பாடிய கோவலூர்ப் பகுதி!

எங்கள் சோதனைக் கூடத்தில் ஓர் அளவை இருவேறு முறைகளில் கண்டு ஒப்பிடுவோம். இரண்டும் ஒத்துவந்தால்தான் நம்பிக்கை பிறக்கும். இங்கே பாட்டும் கல்லும் ஒத்துவந்தன.

அதன் பின்னும் அப்பெயர் மறையவில்லை. நாமக்கல் அரங்கநாதர் குகைக் கோயிலை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று கல்வெட்டு அழைக்கிறது. பிற்காலச் சோழர் காலத்தில், போளூரை அடுத்த திருமலையில், முன்னோன் எழினி நிறுவிய இயக்கன், இயக்கி உருவங்களை அக்குடியில் வந்த விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்தான். அவனுக்கும் தகடூரே ஊர். தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டை இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது.

எழுதப்படாத பெயர்கள்

அதியன் பெயர் நிலைத்தது எதனால்? பாடப் புலவர் இருந்தனர். பொறிக்கக் கல்லும் உளியும் இருந்தன. ஆனால் அவனோடு தகடூர்ப் போரில் நின்று மடிந்த எளிய வீரர் எத்தனை பேர்! கரும்பை நட்டு வளர்த்த கைகள் எத்தனை! அவர்தம் பெயர்கள் எங்கே? எங்கள் முன்னோர் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். சொல்ல ஓர் எழுத்தும் இல்லை.

விண்ணப்பக் கட்டத்தில் என் தந்தையின் பெயரையே எழுதினேன். அன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆயாவின் அருகில் அமர்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தாத்தாவின் அக்கா தங்கைகள், அவர்கள் வாழ்க்கைப்பட்ட ஊர்கள், பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள் என்று பதினேழு பெயர்கள் சேர்ந்தன. எழுதி முடித்ததும் ஆயா அந்தத் தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

தோழர்களே! நம்மில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். நமக்குப் புலவர் வரமாட்டார். எழுத நாம் இருக்கிறோம்.