வானவில்லை அளந்த அறிஞர்

மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் மாலையில், கீழ்வானில் தோன்றும் வானவில்லைக் கண்டு மகிழாதவர் யார்? அந்த எழிலில் மயங்கி நின்றுவிடாமல் அதனை அளந்து கணக்கிட்டவர், பிரான்சு நாட்டு அறிஞர் ரெனே டேக்கார்ட்.

இவர் 1596ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் லா ஹே என்னும் சிற்றூரில் பிறந்தார். ஓராண்டு சற்றே கடந்த நிலையில் தாயை இழந்தார். இயேசு சபைக் குருக்கள் நடத்திய கல்லூரியில் பயின்றபோது, உடல் நலிவு காரணமாகக் காலையில் நேரம் கழித்து எழ இவருக்கு அனுமதி கிடைத்தது. படுக்கையில் இருந்தபடியே சிந்திக்கும் பழக்கம் பின்னும் இவரை விட்டு அகலவில்லை.

பின்னர் ஹாலந்து நாட்டில் குடியேறி, உலகின் அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1633இல் கலிலியோ தண்டிக்கப்பட்ட செய்தி வந்தது. பூமி சுழல்வதைத் தாமும் எழுதியிருந்ததால், நூலை வெளியிடாமல் நிறுத்திக்கொண்டார். ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1637இல் வெளிவந்த அவரது நூலில் வானவில் விளக்கம் இடம்பெற்றது.

மழைத்துளி மிகச் சிறியதல்லவா? ஆகவே உருண்டையான பெரிய கண்ணாடிக் குடுவையில் நீர் நிரப்பி, அதனையே துளியாகக் கொண்டார். சூரியன் தமக்குப் பின்னால் இருக்க, குடுவையை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சூரியனுக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகையில் சிவப்பு ஒளி பளிச்சிட்டது. சற்று உயர்த்தினால் அது மறைந்தது. சற்றுத் தாழ்த்தினால் மற்ற நிறங்கள் தோன்றின. 14ஆம் நூற்றாண்டிலேயே பாரசீக அறிஞர் கமாலுத்தீனும் ஜெர்மானியத் துறவி தியோடரிக்கும் இத்தகைய சோதனை செய்திருந்தனர். ஏன் அந்தக் கோணத்தில் மட்டும் ஒளி மிகுகிறது என்று கணக்கிட்டுக் காட்டியதே டேக்கார்ட்டின் சிறப்பு. நிறங்கள் பிரியும் காரணத்தைப் பின்னாளில் நியூட்டன் விளக்கினார்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. வானவில் வானத்தில் ஓரிடத்தில் நிற்கும் பொருளன்று. நம் அருகில் நிற்கும் தோழியின் கண்ணுக்கு ஒளி அனுப்பும் துளிகள் வேறு, நமக்கு அனுப்பும் துளிகள் வேறு. நாம் நடந்தால் வில்லும் உடன் நகரும். தரையில் நிற்போருக்கு வில்லாகத் தெரிவது, விமானத்தில் செல்வோருக்கு முழு வட்டமாகவும் தெரியக்கூடும்.

சுவீடன் அரசி கிறிஸ்தினாவின் அழைப்பை ஏற்று, 1649இல் டேக்கார்ட் ஸ்டாக்ஹோம் சென்றார். கடுங்குளிரில் விடியற்காலை ஐந்து மணிக்கே அரசிக்குப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. நுரையீரல் அழற்சி கண்டு, 1650 பிப்ரவரி 11இல் தமது 53ஆம் வயதில் உயிர் நீத்தார். அவர் பிறந்த ஊர் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒவ்வொருவரும் காண்பது அவரவர் வானவில்லே. ஆனால் அந்த 42 பாகை மட்டும் அரசிக்கும் ஆண்டிக்கும் ஒன்றுதான். அதனைக் கண்டறிய, நீர் நிரம்பிய ஒரு குடுவையும் பொறுமையும் அவருக்குத் துணை நின்றன. நாமும் வியப்பதோடு நில்லாமல் அளந்து பார்க்கப் பழகுவோமாக!